பொதுக் குளத்தை யார் காப்பது? எலினோர் ஒஸ்ட்ரோமின் சிந்தனைக்கு ஓர் எளிய அறிமுகம்

பங்குனி பிறந்தால் இலங்கையின் வடக்கே வன்னியின் பெரிய குளங்களின் கீழ் ஒரே பேச்சுத்தான்: "இந்தமுறை சிறுபோகம் எத்தினை ஏக்கர்?" மாரி மழையோடு விதைத்த காலபோக நெல்லை வெட்டிச் சூடடித்து முடித்திருப்பார்கள். மாரி மழை ஓய்ந்துவிட்டது. குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் இனி வரும் மாதங்களுக்கெல்லாம் கணக்கு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைப்பார்கள். கோடையில் விதைக்கும் சிறுபோகத்தில் அத்தனைக்கும் தண்ணீர் காணாது. ஆகவே கூட்டம் கூடும். அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், கமநல சேவை உத்தியோகத்தர்கள் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் திரண்டு வந்திருப்பார்கள்.

பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் வாசித்ததும் பேச்சு சூடாகும். "ஐயா, எங்கட வாய்க்கால் கடைசியில கிடக்கு. பயிர் குடலையில நிக்கேக்கை தண்ணி வராட்டி எல்லாம் பதர்தான்" என்று ஒருவர் எழும்புவார். மற்றவர் போன வருசக் கணக்கை எடுப்பார். விதைக்கத் தொடங்கும் திகதி, முதல் தண்ணீர் திறக்கும் திகதி, கடைசித் தண்ணீர், வயல்வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய நாள், ஆளுக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும்.

வன்னியில் இது வருசா வருசம் நடக்கிற காரியம். ஆனால் பொதுவான வளத்தைப் பாவிப்பவர்களே அதை அழித்துவிடுவார்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசியவர்களிடையே செல்வாக்காக இருந்த ஒரு கருத்தை அப்படியே நம்பினால், இப்படி ஒரு கூட்டத்தால் ஒரு பயனும் வராது. அந்தக் கருத்தைத் தன் வாழ்நாள் உழைப்பால் திருத்தியவர் எலினோர் ஒஸ்ட்ரோம், பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதற் பெண். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள வன்னிக் குளத்தடியை விட நல்ல இடம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

முதலில், எந்த வகைச் சொத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். வளவுக்குள் வெட்டிய கிணற்றுக்கு வேலி போடலாம், அடுத்தவர் வராமல் மறிக்கலாம். தெருவிளக்கின் வெளிச்சத்தில் நூறு பேர் நடந்தாலும் அடுத்து வருபவருக்கு வெளிச்சம் குறையாது. குளம் இந்த இரண்டிலும் சேராது. பாவிப்பவர்களை மறிப்பது கடினம். அதேநேரம் ஒருவருடைய வயலுக்குள் பாய்ந்த தண்ணீர் இன்னொருவருக்கு இல்லை. முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பு இறாலும் அப்படித்தான். காட்டு மரம், மேய்ச்சல்தரைப் புல், நிலத்தடி நீர், கடல் மீன் எல்லாம் இந்த வகைக்குள் வரும். இவற்றைப் பொதுவளம் என்று வைத்துக்கொள்வோம். ஒஸ்ட்ரோம் ஆராய்ந்தது இவற்றைத்தான்.

1968இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொதுவான ஒரு புல்வெளியை நினைத்துப் பாருங்கள் என்றார். ஒரு மேய்ப்பர் புதிதாக ஒரு மாட்டை விட்டால், அந்த மாட்டால் வரும் இலாபம் முழுவதும் அவருக்கே. புல் குறைவதால் வரும் நட்டமோ எல்லார் தலையிலும் பிரிந்து விழும். ஆகவே ஒவ்வொருவரும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் புல்வெளி பாழாகும். இதற்கு இரண்டே வழி என்று கொள்கை வகுப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுக்க வேண்டும். பல நாடுகளில் காடும் மீன்பிடியும் நீர்ப்பாசனமும் ஊரவர் கையை விட்டுப் போனதற்கு இந்தச் சிந்தனை நியாயம் கற்பித்தது.

ஹார்டினின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவருடைய மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதில்லை. போன வருசம் யார் ஏமாற்றினார் என்று எவருக்கும் நினைவில்லை. உண்மையில் ஒரு குளத்தின் கீழ் கமம் செய்கிறவர்கள் அப்படி வாழ்வதில்லை. ஒஸ்ட்ரோம் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

எலினோர் 1933 ஓகஸ்ட் 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிசில் பிறந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வீட்டுத் தோட்டத்தில் மரக்கறி நட்டுச் சமாளித்த குடும்பம். வேலை செய்துகொண்டே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பட்டம் படித்தார். பொருளியலில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, கணிதம் போதாது என்று இடம் கொடுக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் எதற்கு என்று பாடசாலையிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. அவர் அரசறிவியல் பக்கம் போனார். 2009இல் ஒலிவர் வில்லியம்சனோடு நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும், பொருளியலாளர் பலர் அவருடைய பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

1965இல் முடித்த அவருடைய கலாநிதி ஆய்வு தண்ணீரைப் பற்றியது. தெற்குக் கலிபோர்னியாவின் கரையோரத்தில் நிலத்தடியில் நன்னீர் இருந்தது. நகரசபைகளும் கம்பனிகளும் போட்டிக்கு இறைத்தன. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்க, உப்புநீர் உள்ளே வரத் தொடங்கியது. கிணறு உவராகிப் போன கதை தெரிந்த வடக்கு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே நடந்ததைத்தான் அவர் கூர்ந்து பார்த்தார். இறைத்தவர்களே சங்கம் அமைத்தார்கள். நீதிமன்றத்தின் முன்னால் ஆளுக்கு இவ்வளவுதான் என்று பேசி இணங்கினார்கள். நிலத்தடி நீரை மீள நிரப்புவதற்கென்று வாக்களித்து ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். கரையோரமாக வரிசையாகக் கிணறு அடித்து, நன்னீரை உள்ளே செலுத்தி, கடல்நீரை மறித்தார்கள். ஒரே அதிகாரி மேலிருந்து கட்டளையிட்டு இதைச் செய்யவில்லை. எவரும் நிலத்தடி நீரை வாங்கித் தன் சொத்தாக்கவுமில்லை.

பிறகு கணவர் வின்சன்ற் ஒஸ்ட்ரோமோடு இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1973இல் இருவரும் அங்கே ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். மானிடவியலாளர், பொறியியலாளர், வரலாற்றாசிரியர் என்று பல துறையினர் உலகெங்கும் தனித்தனியாக எழுதிவைத்த ஊர் ஆய்வுகளைத் தேடித் திரட்டினார்கள். இவற்றிலிருந்து பிறந்ததுதான் பொதுவளங்களை ஆளும் முறை பற்றி 1990இல் ஒஸ்ட்ரோம் வெளியிட்ட புகழ்பெற்ற நூல். 2012 ஜூன் 12ஆம் திகதி புற்றுநோயால் இறக்கும்வரை அவர் எழுத்தை நிறுத்தவில்லை.

அந்த நூலில் வரும் சுவிற்சர்லாந்து ஊர் ஒன்றின் பெயர் தோர்பெல். மலைமேல் பொது மேய்ச்சல் நிலம். 1517ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு விதி எழுதிவைத்தார்கள்: குளிர்காலம் முழுக்கத் தன் சொந்தத் தீனியில் எத்தனை மாடு வளர்க்க ஒருவரால் முடியுமோ, கோடையில் அத்தனை மாட்டைத்தான் அவர் மலைக்கு அனுப்பலாம். ஹார்டினின் புல்வெளிக் கேள்விக்கு அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நானூறு வருசத்துக்கு முன்பே ஓர் ஊர் விடை கண்டிருந்தது. ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில், தேவாலய வாசலில், வியாழக்கிழமை மதியங்களில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். நீதிபதிகளாக இருப்பவர்கள் கமக்காரர்கள் தெரிவுசெய்த கமக்காரர்கள். விசாரணை முழுக்க வாய்ப்பேச்சில், எல்லார் முன்னிலும் நடக்கும்.

நூற்றாண்டுக் கணக்கில் தாக்குப்பிடித்த இப்படியான ஊர்களில் எது பொதுவாக இருக்கிறது என்று தேடிய ஒஸ்ட்ரோம் எட்டு இயல்புகளைக் கண்டார். அவற்றைச் சட்டம் மாதிரி ஒப்புவிப்பதை அவர் விரும்பவில்லை. நானும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. வன்னியில் எங்கள் கண்ணுக்குப் படுகிறவற்றை எடுத்துக்கொள்வோம்.

யாருக்கு உரிமை, எவ்வளவு உரிமை என்பது தெளிவாக இருக்க வேண்டும். குளத்தின் கீழ் வயற்காணி உள்ளவர் யார், எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் கிடக்கிறது. அடுத்தது, விதி அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். தண்ணீர் குறைந்த வருசத்தில் குளக்கட்டுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைத்து, தூரத்து வயல்காரருக்கும் அதிலே துண்டு பிரித்துக் கொடுப்பது உலர்வலயக் குளங்களின் கீழ் பழைய வழமை. தூரத்துக்குத் தண்ணீர் ஓடினால் வாய்க்கால் மண்ணே பாதியைக் குடித்துவிடும் என்பது அனுபவத்தில் வந்த அறிவு. கட்டுக்குக் கிட்டக் காணி உள்ளவர் அந்த வருசம் தன் வயலில் மற்றவர் விதைக்க விடுகிறார். காகிதத்தில் எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். குளத்தடியில் அது நடந்திருக்கிறது.

விதி போட்டால் போதாது, யார் கண்காணிப்பது? பழைய நாளில் அதற்கு வட்டவிதானை இருந்தார். அவருக்குக் கூலி கமக்காரர் கொடுத்த நெல். பதவி சட்டத்தில் இல்லாமல் போனாலும் பெயர் இன்னும் ஊர்ப்பேச்சில் இருக்கிறது. ஆனால் ஒஸ்ட்ரோம் அழுத்திச் சொன்ன கண்காணிப்பு சம்பளமில்லாதது. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் டோர்ச்சோடு வாய்க்கால் வரம்பில் நடக்கிறார். விடியப்புறம் தன் முறை. மேல் வயல்காரர் மண்கட்டியை வைத்து மறித்திருக்கிறாரா, முறை முடிந்தும் தன் வயலுக்கான வாய்க்கால் வாயை அடைக்காமல் விட்டிருக்கிறாரா என்று பார்க்கப் போகிறார். மேல் வயல்காரருக்கோ இவர் வந்து நிற்பார் என்று தெரியும். அதனால் நேரத்துக்கு அடைக்கிறார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஒழுங்கு தனக்கான காவலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை ஸ்பெயின் வாய்க்கால்களைப் பற்றி எழுதும்போது ஒஸ்ட்ரோம் காட்டினார். ஒரு திணைக்களம் எத்தனை உத்தியோகத்தரை நியமித்தாலும் அந்த நள்ளிரவில் அந்த வரம்பில் நிற்க மாட்டார்கள்.

விதியை மீறினால்? முதல் தடவையிலேயே கடுமையாக அடிப்பது நல்ல ஊர்களின் பழக்கமல்ல. கட்டாக்காலி மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சொன்ன திகதிக்குப் பிறகும் மாடு வயலுக்குள் இறங்கினால், முதலில் சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்புவார்கள்: "அண்ணை, உங்கட வெள்ளைப் பசு எங்கட பக்கம் நிக்குது." திரும்பவும் வந்தால் பிடித்துக் கட்டுவார்கள், தண்டம் கேட்பார்கள். அதற்குப் பிறகும் என்றால்தான் பொலிசு. முதல் சொல் தண்டனைக்கானது மட்டுமல்ல. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அது தெரிவிக்கிறது. தவறு செய்தவர் கஷ்டத்தில் செய்தாரா, வேண்டுமென்று செய்தாரா என்பது ஊருக்குத் தெரியும். படிப்படியாக ஏறும் தண்டனை நீண்டகாலம் நிலைத்த எல்லா இடங்களிலும் இருந்தது என்று ஒஸ்ட்ரோம் கண்டார்.

அவருடைய ஆய்வுகளில் வன்னிக்கு மிகவும் வேண்டியது என்று நான் நினைப்பது நேபாளத்தில் நடந்தது. அங்கே கமக்காரரே கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டிய அணைகளும் உண்டு. வெளிநாட்டு உதவியில் பொறியியலாளர்கள் சீமெந்தில் கட்டிய அணைகளும் உண்டு. எதன் கீழ் விளைச்சல் அதிகம், எதில் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது என்று பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொதுவாகக் கமக்காரர் நடத்தியவைதான் மேலாக இருந்தன. காரணம் இதுதான். மண் அணை ஒவ்வொரு மழைக்கும் உடையும். திருத்த நிறையக் கை வேண்டும். மேல்வயல்காரருக்குக் கடைசி வயல்காரரின் உழைப்புத் தேவை; ஆகவே தண்ணீரைக் கொடுத்தே ஆக வேண்டும். சீமெந்து அணை வந்ததும் அந்தத் தேவை இல்லாமல் போனது. மேல்வயல்காரர் தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டார். கடைசி வயல்காரர் பேரம் பேசும் பலத்தை இழந்தார்.

போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ குளங்களையும் தண்ணீர் திறந்து மூடும் துருசுகளையும் வாய்க்கால்களையும் திருத்தினார்கள். அது தேவையான வேலை. உடைந்த துருசை வைத்துக்கொண்டு எவரும் கமம் செய்ய முடியாது. ஆனால் வாய்க்காலுக்குச் சீமெந்து போட்ட அதே கையோடு, முன்னர் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்த ஆட்களைக் கூப்பிடவேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பலரை இழந்து திரும்பி வந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிச் சேர்ந்து வேலை செய்யும் பழக்கத்தையும் மீளக் கட்ட வேண்டியிருந்தது. திட்ட அறிக்கையில் அதற்குக் கனவளவு போட முடியாது. குளத் திருத்தத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கையாவது கமக்காரர் அமைப்பு நன்றாக இயங்குவதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஊரவர் தாமே விதி செய்யும் உரிமையை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த எட்டில் ஒன்று. இலங்கை வரலாறு இதற்கு நல்ல பாடம். 1832இல் பிரித்தானியர் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். அது கொடுமையான முறை, போனது நல்லது. ஆனால் குளத்தைத் திருத்தும் கூட்டுவேலைக்கும் அதுவரை ஆதாரமாக இருந்தது அதுதான், அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை, குளங்கள் தூர்ந்தன. 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்து ஊர்வழமைகளுக்கு மீண்டும் சட்ட பலம் கொடுத்தார்கள். 1958இன் நெற்காணிச் சட்டம் விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்றைய கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் நிற்கின்றன.

ஒஸ்ட்ரோமின் 1990 நூலில் இலங்கையே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் தோல்விகளைப் பேசும் அத்தியாயத்தில். தென்பகுதியில் மாவெல்ல என்ற மீனவ ஊர். கரைவலைக்காரர் முறை வைத்து, நல்ல மீன் விழும் நேரமும் இடமும் எல்லாருக்கும் வரும்படி மிகக் கவனமாக ஒழுங்கு செய்திருந்தார்கள். முல்லைத்தீவில் பாடு பார்த்து வலை வளைக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆனால் புதிய வலைகள் சேர்வதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தும் அரசியல் செல்வாக்கால் அது நடைமுறைக்கு வரவில்லை. வலைகள் கூடின, ஆளுக்குக் கிடைத்த வருமானம் குறைந்தது. உள்ளே எவ்வளவு நீதியாகப் பங்கிட்டாலும் வாசல் திறந்தே கிடந்தால் பயனில்லை.

நாட்டின் கிழக்கே கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் கதை வேறு. அதன் இடதுகரை வாய்க்கால்கள் நாட்டிலேயே மோசமாக நடந்தவை என்று பெயரெடுத்திருந்தன. 1980களின் தொடக்கத்தில் இளைஞர்களை அங்கே கமக்காரரோடு தங்கவைத்து, வாய்க்கால் வாய்க்காலாகச் சிறு குழுக்களை உருவாக்கினார்கள். சிறு குழுவிலிருந்து பெரிய குழு, அதிலிருந்து முழுத்திட்டத்துக்கும் ஒரு குழு. மேலே சிங்களக் கமக்காரர், கடைசியில் தமிழ்க் கமக்காரர். நாட்டில் இனப்பகை மூண்டுகொண்டிருந்த அதே காலத்தில் மேலிருந்து கீழே தண்ணீர் விடப்பட்டது.

சிறிய அமைப்பு பெரியதுக்குள் பொருந்துவதுதான் எட்டில் கடைசி. காலநிலை மாற்றம் பற்றிய தன் பிற்காலக் கட்டுரைகளில் ஒஸ்ட்ரோம் இதையே விரித்தார். உலக உடன்படிக்கைக்காக மட்டும் காத்திருக்காமல் ஊரும் நகரமும் மாகாணமும் நாடும் தத்தம் மட்டத்தில் தொடங்க வேண்டும் என்றார். ஊரால் எல்லாம் முடியும் என்றும் அவர் சொல்லவில்லை. முல்லைத்தீவுக் கடலில் கடலடியை வாரும் இழுவைமடி வலை இழுக்கும் இந்தியப் படகுகளை எந்தக் கடற்றொழிலாளர் சங்கமும் தனியே மறிக்க முடியாது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதை நடைமுறைப்படுத்த இரண்டு நாடுகள் வேண்டும்.

குளத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே காணாத தண்ணீர் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் கிணறு கெட்டுப்போனவர்களின் தாகமும் பொய்யல்ல. கடைசியில் திட்டம் மாறி, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். ஒரு குளத்தின் கமக்காரர் கூட்டம் தீர்க்கக்கூடிய வழக்கல்ல அது. இரண்டு மாவட்டமும் சமமாக உட்கார்ந்து பேசும் மேசை தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

அதேபோல வன்னிக் குளங்களில் நன்னீர் மீன் பிடித்துச் சீவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆடி, ஆவணி வெயிலில் குளம் வற்றும்போது மீனுக்கு ஓரளவு தண்ணீர் நின்றாக வேண்டும். கதிர் முற்றும் நெல்லுக்கும் கடைசித் தண்ணீர் அப்போதுதான் வேண்டும். எத்தனை அடியில் துருசை மூடுவது, சிறுபோகக் கூட்டத்தில் மீன்பிடிச் சங்கத்தின் சொல்லுக்கு எவ்வளவு நிறை என்பது குளத்துக்குக் குளம் வேறுபடும். அதற்கான விடை ஒஸ்ட்ரோமின் நூலில் இல்லை. அந்தந்தக் குளத்தடியில் கமக்காரரும் மீன்பிடிப்போரும் நேருக்கு நேர் இருந்து எழுத வேண்டிய விதி அது.